தானே விரியும் சுருக்கப்பொதிகள்: செய்நிரல்வழி உருவாக்கமும் தமிழ் மின்னுரைகளின் நெடுநாள் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, அதனை விரிப்பதற்குரிய நிரலையும் அதனுடனேயே இணைத்து வழங்கும் முறை 1980களிலிருந்து கணினி உலகில் வழங்கிவருகிறது. பெறுபவரிடம் விரிப்பு நிரல் இல்லை என்னும் குறையைப் போக்க எழுந்த இம்முறை, நாளடைவில் வேறொரு சார்பை உண்டாக்கியது. பொதியின் உள்ளடக்கம் குறிப்பிட்ட ஒரு பொறிக்கும் இயங்குதளத்திற்கும் கட்டுப்பட்டது என்பதே அச்சார்பு. இத்தகைய பொதியின் உள்ளமைப்பையும் அதனைச் செய்நிரல்வழி உருவாக்கும் படிநிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் உரைகளைப் பொதியும்போது எழும் குறியாக்கம், கோப்புப்பெயர் ஆகியவை சார்ந்த சிக்கல்களை ஆராய்கிறது. ‘இயக்காமலும் திறக்கத்தக்க பொதியே பாதுகாப்பிற்கு உரிய பொதி’ என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுருக்கப்பொதி, விரிப்புநிரல், ஜிப் வடிவம், டிஃப்ளேட், ஒருங்குறி, கோப்புப்பெயர், மின்னுரைப் பாதுகாப்பு.

1. முன்னுரை

தமிழ் ஆய்வுத்துறைகளில் இன்று சுவடிப் படிமங்கள், மெய்ப்புப் பார்க்கப்பட்ட மூலபாடங்கள், சொல்லடைவுகள், களஆய்வு ஒலிப்பதிவுகள் எனப் பலவகைத் தரவுகள் மின்வடிவில் குவிந்துள்ளன. ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அமையும் தரவுத்தொகுதியே நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கொண்டதாக இருக்கக்கூடும். அவற்றைப் பிறருக்கு வழங்கும்போதும் நூலகத்தில் ஒப்படைக்கும்போதும் ஒரே கோப்பாகக் கட்டித்தருவது இயல்பு. அவ்வாறு கட்டும் வடிவங்களுள் ஒன்று, சொடுக்கிய அளவில் தன் உள்ளடக்கத்தை வெளியிடும் சுருக்கப்பொதி.

இவ்வடிவத்தின் பயன் வெளிப்படையானது. பெறுபவர் தனியே ஒரு மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டியதில்லை. ஆயினும், இன்று எளிதாக விரியும் பொதி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் விரியுமா என்னும் வினா, பதிப்பாசிரியர்க்கும் ஆவணக் காப்பாளர்க்கும் இன்றியமையாதது. ஒரு தரவுத்தொகுதி படிக்க இயலாது போயின், அதனை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்கும் வழியும் அடைபடுகிறது. எனவே இப்பொருள் கணினியியலார்க்கு மட்டும் உரியதன்று.

2. சொல்லும் பொருளும்

‘விரிதல்’ தன்வினை, ‘விரித்தல்’ பிறவினை. பொதி விரிந்தது என்பதற்கும் பொதியை ஒருவர் விரித்தார் என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு நினையத்தக்கது. ‘தானே விரியும் பொதி’ என்னும் வழக்கு, செயல் முழுவதும் பொதியினுள்ளேயே அடங்கியிருப்பதான எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் அங்கு நிகழ்வது பிறவினையே. பொதியின் முற்பகுதியில் உள்ள நிரலை இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றுகிறது. செயலி அந்நிரலின் கட்டளைகளை நிறைவேற்றுகிறது. அந்நிரல் பொதியின் பிற்பகுதியைப் படித்து விரிக்கிறது. இம்மூன்றனுள் முதலிரண்டும் பொதிக்குப் புறம்பானவை. அவை மாறினால் பொதி விரியாது.

இக்கட்டுரையில், இணைக்கப்பட்ட நிரற்பகுதி ‘விரிப்புநிரல்’ எனவும், சுருக்கப்பட்ட கோப்புகளின் தொகுதி ‘பொதிப்பகுதி’ எனவும், இரண்டும் சேர்ந்த முழுமை ‘தன்விரிபொதி’ எனவும் குறிக்கப்படும்.

3. வரலாற்றுப் பின்னணி

இழப்பின்றிச் சுருக்கும் முறைகளுக்கு இரு கண்டுபிடிப்புகள் அடித்தளமாக அமைந்தன. 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறை, மிகுதியாக வரும் குறிகளுக்குக் குறைந்த பிட்டுகளையும் அரிதாக வரும் குறிகளுக்கு மிகுந்த பிட்டுகளையும் வழங்கியது. 1977இல் ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் ஆகிய இருவரும் வெளியிட்ட முறை, முன்னர் வந்த தொடர் மீண்டும் வரும்போது அதனை முழுமையாக எழுதாமல், ‘இத்தனை பைட்டுகளுக்கு முன்னிருந்து இத்தனை பைட்டுகளை எடுக்க’ என்னும் சுட்டாக எழுதியது.

தனிக்கணினிகளில் 1985இல் ஆர்க் என்னும் பொதிவடிவம் பரவியது. 1989இல் பில் காட்ஸ் தம் பிகேவேர் நிறுவனத்தின்வழி பிகேஜிப் நிரலை வெளியிட்டார். ஜிப் வடிவத்தின் விளக்கத்தையும் எவரும் பயன்கொள்ளும் வகையில் பொதுவில் வைத்தார். ஜிப் பொதியை இயக்கக்கோப்பாக மாற்றும் துணைநிரல் ஒன்றும் பிகேஜிப்புடன் வழங்கப்பட்டது. நெகிழ்வட்டுகளிலும் தொலைபேசி இணைப்பின்வழியும் கோப்புகள் பரிமாறப்பட்ட அக்காலத்தில், பெறுபவரிடம் விரிப்புநிரல் இருக்கும் என்னும் உறுதி இல்லை. தன்விரிபொதி அக்குறையை நிறைவு செய்தது.

1993இல் பிகேஜிப்பின் இரண்டாம் பதிப்புடன் டிஃப்ளேட் என்னும் முறை வழக்கிற்கு வந்தது. மேற்கூறிய இரு முறைகளையும் இணைத்த இதன் விளக்கம் 1996இல் இணையத் தர ஆவணங்களுள் 1951ஆம் எண்ணுடையதாக வெளிவந்தது. வடிவத்தின் விளக்கம் பொதுவில் கிடைத்தமையே ஜிப் பொதிகள் இன்றும் எங்கும் திறக்கப்படுவதற்குத் தலைமைக் காரணமாகும்.

4. தன்விரிபொதியின் உள்ளமைப்பு

தன்விரிபொதி ஒரே கோப்பாயினும், இருவேறு நிரல்கள் அதனை இருவேறு முனைகளிலிருந்து படிக்கின்றன. இவ்வுண்மையின் மேலேயே இம்முறை முழுவதும் அமைந்துள்ளது.

இயங்குதளம் இயக்கக்கோப்பை முன்னிருந்து படிக்கிறது. விண்டோஸ் இயக்கக்கோப்பு 77, 90 என்னும் இரு பைட்டுகளுடன் தொடங்கும். லினக்ஸ் இயக்கக்கோப்பு 127, 69, 76, 70 என்னும் நான்கு பைட்டுகளுடன் தொடங்கும். அவற்றின் தலைப்பகுதியில், நிரலின் எந்தெந்தப் பகுதிகளை நினைவகத்தில் ஏற்ற வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். அவ்வரையறைக்கு அப்பால் கோப்பின் இறுதியில் எவ்வளவு தரவு ஒட்டப்பட்டிருப்பினும், இயங்குதளம் அதனை நிரலின் பகுதியாகக் கருதி ஏற்றுவதில்லை.

ஜிப் பொதியோ பின்னிருந்து படிக்கப்படுவது. அதன் ஒவ்வோர் உறுப்புக் கோப்பிற்கும் முன்னால் 80, 75, 3, 4 என்னும் பைட்டுகளுடன் தொடங்கும் தலைப்பு உண்டு. எல்லாக் கோப்புகளுக்கும் பின்னர், 80, 75, 1, 2 எனத் தொடங்கும் பதிவுகளாலான மைய அடைவு அமையும். அதன்பின் 80, 75, 5, 6 எனத் தொடங்கும் இறுதிப்பதிவு நிற்கும். இவற்றின் தொடக்கமாகிய 80, 75 ஆகிய எண்கள் பில் காட்ஸ் என்னும் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளுக்கு உரியவை. இறுதிப்பதிவின் அளவு 22 பைட்டுகள். அதனைத் தொடர்ந்து 65,535 பைட்டுகள் வரை ஒரு குறிப்புரை வரலாம். ஆகவே, கோப்பின் கடைசி 65,557 பைட்டுகளைத் தேடினால் இறுதிப்பதிவு கிட்டும். அப்பதிவு மைய அடைவின் அளவையும் தொடக்க இடத்தையும் தெரிவிக்கும். மைய அடைவு ஒவ்வொரு கோப்பும் எங்குள்ளது எனக் காட்டும்.

முன்னிருந்து படிப்பதற்குப் பின்னொட்டு தடையாவதில்லை. பின்னிருந்து படிப்பதற்கு முன்னொட்டு தடையாவதில்லை. எனவே ஒரு நிரலையும் ஒரு ஜிப் பொதியையும் அடுத்தடுத்து வைத்தாலே, அஃது இயங்கத்தக்க நிரலாகவும் திறக்கத்தக்க பொதியாகவும் ஒருங்கே அமைகிறது.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. மைய அடைவில் குறிக்கப்பட்ட இடங்கள் பொதியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை. முன்னால் நிரல் சேர்ந்ததும் அவ்விடங்கள் அனைத்தும் பின்னோக்கி நகர்கின்றன. நகர்ந்த அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு பொதியில் சுருக்கப்பட்ட கோப்புகள் 4,00,000 பைட்டுகளும், மைய அடைவு 2,000 பைட்டுகளும் உடையன எனக் கொள்க. தனிப்பொதியில் மைய அடைவின் தொடக்கம் 4,00,000 எனப் பதிவாகியிருக்கும். 60,000 பைட்டு அளவுள்ள விரிப்புநிரலை முன்னே சேர்த்தபின், இறுதிப்பதிவு 4,62,000ஆம் இடத்தில் காணப்படும். அதிலிருந்து அடைவின் அளவாகிய 2,000த்தையும், பதிவான தொடக்கமாகிய 4,00,000த்தையும் கழித்தால் 60,000 எஞ்சும். அதுவே நகர்ந்த அளவு. பல ஜிப் நிரல்கள் இக்கழித்தலைத் தாமே செய்துகொள்கின்றன. அவ்வாறு செய்யாத நிரல்களுக்காக, பதிவான இடங்கள் அனைத்தையும் முன்கூட்டியே திருத்தி எழுதுவதும் உண்டு.

செவன்-ஜிப் வடிவம் இதனின் வேறானது. அதன் அடையாளத் தொடராகிய 55, 122, 188, 175, 39, 28 என்னும் ஆறு பைட்டுகள் பொதியின் தொடக்கத்தில் உள்ளன. விரிப்புநிரல் முன்னே சேரும்போது, அத்தொடரை முன்னிருந்து தேடிக் கண்டடைய வேண்டும்.

5. செய்நிரல்வழி உருவாக்கும் படிநிலைகள்

தன்விரிபொதியை உருவாக்கும் பணி இரு நிரல்களை வேண்டுகிறது: பொதியைக் கட்டும் நிரல் ஒன்று, பொதியினுள் அமரும் விரிப்புநிரல் மற்றொன்று.

கட்டும் நிரலின் படிநிலைகள் வருமாறு:

(அ) பொதிய வேண்டிய கோப்புகளைப் பட்டியலிட்டு, பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அகரவரிசைப்படுத்துதல்.
(ஆ) அவற்றைக் கொண்டு முறையான ஜிப் பொதி ஒன்றை முதலில் உருவாக்குதல்.
(இ) வெளியீட்டுக் கோப்பை இரும முறையில் திறந்து, விரிப்புநிரலின் பைட்டுகளை முதலில் எழுதுதல்.
(ஈ) தொடர்ந்து ஜிப் பொதியின் பைட்டுகளை மாற்றமின்றி எழுதுதல்.
(உ) தேவையாயின் மைய அடைவில் உள்ள இடக்குறிப்புகளை விரிப்புநிரலின் அளவைக் கூட்டித் திருத்துதல்.
(ஊ) உருவான கோப்பை இயக்காமல், வெறும் ஜிப் பொதியாகத் திறந்து ஒவ்வோர் உறுப்பையும் சரிபார்த்தல்.
(எ) மின்கையொப்பம் இடுதல். மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல்.

மூன்றாம் படியில் ‘இரும முறை’ எனக் குறித்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் உரைமுறையில் எழுதினால், 10 என்னும் மதிப்புள்ள ஒவ்வொரு பைட்டும் வரிமுடிவாகக் கருதப்பட்டு, 13, 10 என இரு பைட்டுகளாக மாறும். நிரலும் பொதியும் ஒருங்கே சிதையும்.

கையொப்பத்திற்குப் பின்னும் சரிபார்க்க வேண்டுவதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் முறையில் மின்கையொப்பம் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படுகிறது. அதனால் ஜிப்பின் இறுதிப்பதிவு கோப்பின் கடைசியில் நில்லாமல் சற்று உட்தள்ளிப்போகிறது. பின்னோக்கித் தேடும் நிரல்கள் அதனைக் கண்டுகொள்ளும்; கடைசி 22 பைட்டுகளை மட்டும் நோக்கும் நிரல்கள் பொதியே இல்லை எனக் கூறிவிடும். கையொப்பமிட்டபின் பொதிப்பகுதியில் ஒரு பைட்டை மாற்றினாலும் கையொப்பம் செல்லாததாகும் ஆகையால், கையொப்பமே கட்டும் பணியின் இறுதிச் செயலாக அமைதல் வேண்டும்.

விரிப்புநிரலின் படிநிலைகள் வருமாறு: தன் இருப்பிடத்தை அறிந்து, தன் கோப்பையே படிப்பதற்குத் திறத்தல், இறுதியிலிருந்து பின்னோக்கித் தேடி இறுதிப்பதிவைக் காணுதல், நகர்ந்த அளவைக் கணக்கிடுதல், மைய அடைவைப் படித்தல், ஒவ்வொரு கோப்புப்பெயரையும் ஆராய்ந்து ஏற்றல் அல்லது மறுத்தல், புதிதாக ஆக்கிய கோப்புறையில் விரித்தல், விரித்த தரவின் சரிபார்ப்பு எண்ணை அடைவில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுதல். இரண்டும் பொருந்தாதபோது அக்கோப்பைப் பயனருக்கு அளியாமல் பிழையை அறிவித்தல் வேண்டும்.

விரிப்புநிரல் பொறிமொழியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யூனிக்ஸ் மரபில், ஷெல் கட்டளைகளாலான சில வரிகளை முன்னே எழுதி, வெளியேறும் கட்டளையை இட்டு, அதன்பின் பொதியை ஒட்டுவது வழக்கம். ஷெல் வரிவரியாகப் படிப்பதால், வெளியேறும் கட்டளைக்குப் பிற்பட்ட இருமத் தரவு கட்டளையாகக் கொள்ளப்படுவதில்லை. பைத்தான் மொழி 2.6ஆம் பதிப்பிலிருந்து ஜிப் பொதியை நேரே இயக்க வல்லது. அத்தகைய பொதிகளைக் கட்டுவதற்கென்றே 3.5ஆம் பதிப்பில் ஒரு கூறு சேர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பியின் பெயரைச் சுட்டும் ஒரு வரியை முன்னே கொண்ட ஜிப் பொதியே அது உருவாக்கும் கோப்பு. இவ்வகைகளில் விரிப்புநிரல் மனிதர் படிக்கத்தக்க உரையாக இருப்பதால், அந்நிரலை இயக்கும் வசதி மறைந்தாலும், பொதி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அதனைப் படித்தே அறியலாம்.

6. தமிழ் உரையும் சுருக்கமும்

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. அவற்றுள் 72 இடங்களில் எழுத்துகளும் குறிகளும் அமைந்துள்ளன. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட்டுகள் பெறும். ‘தமிழ்’ என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனது. ஆகவே 15 பைட்டுகள். அவை வருமாறு: 224, 174, 164, 224, 174, 174, 224, 174, 191, 224, 174, 180, 224, 175, 141. இவற்றை நோக்கின், முதற்பைட்டு எப்போதும் 224 என்பதும், இரண்டாம் பைட்டு 174 அல்லது 175 என்பதும், மூன்றாம் பைட்டே பெரிதும் வேறுபடுகிறது என்பதும் புலனாகும். 128 இடங்களுள் ஒன்றைச் சுட்ட 7 பிட்டுகள் போதும். யுடிஎஃப்-8 அதற்கு 24 பிட்டுகள் செலவிடுகிறது. மொழியமைப்பு எதனையும் கருதாமலே, தமிழ்ப்பகுதியை மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சுருக்க இடமுண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் இம்மும்மடங்குப் பெருக்கம் டிஃப்ளேட் முறையை மற்றொரு வகையில் பாதிக்கிறது. அம்முறை மீள்வருகையைத் தேடும் எல்லை 32,768 பைட்டுகள். எழுத்துக்கு ஒரு பைட்டு கொண்ட குறியாக்கத்தில் அவ்வெல்லைக்குள் 32,768 குறிகள் அடங்கும். யுடிஎஃப்-8 தமிழில் ஏறத்தாழ 10,900 குறிகளே அடங்கும். ஒரே சுட்டால் குறிக்கத்தக்க மீள்தொடரின் உச்ச நீளம் 258 பைட்டுகள். தமிழில் அது 86 குறிகள். அடிகளும் தொடர்களும் மீண்டும் மீண்டும் வரும் இலக்கியங்களில், இவ்வெல்லைக்கு அப்பால் நிகழும் மீள்வருகை சுருக்கத்திற்குப் பயன்படாது போகிறது.

உரைநூல்களைப் பொதியும்போது இது மேலும் தெளிவாகும். திருக்குறளுக்கு எழுந்த பல உரைகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்தால், ஒவ்வொரு கோப்பிலும் 1,330 குறள்களின் மூலமும் மீண்டும் வரும். ஜிப் வடிவம் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குவதால், ஒரு கோப்பில் உள்ள மூலம் அடுத்த கோப்பைச் சுருக்குவதற்கு உதவுவதில்லை. செவன்-ஜிப் போன்ற வடிவங்கள் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஓட்டமாகக் கருதி, பல மெகாபைட்டு எல்லைக்குள் மீள்வருகையைத் தேடுகின்றன. அளவு குறைவதே நோக்கமாயின் அவையே சிறந்தன.

பாதுகாப்பு நோக்கில் முடிவு மாறுபடும். ஒரே ஓட்டமாகச் சுருக்கிய பொதியில் ஓரிடத்தில் சில பைட்டுகள் பழுதுபட்டால், அவ்விடத்திற்குப் பிற்பட்ட கோப்புகள் பலவும் மீட்க இயலாதனவாகலாம். ஜிப்பில் அப்பழுது ஒரு கோப்போடு நின்றுவிடும். மைய அடைவே அழிந்தாலும், ஒவ்வொரு கோப்பின் முன்னும் உள்ள தலைப்பைக் கொண்டு எஞ்சியவற்றை மீட்கலாம். சேமிப்பிடம் மலிந்துள்ள இந்நாளில், சில மெகாபைட்டுகளைச் சேமிப்பதைவிட, பழுதைத் தனிமைப்படுத்துவதே மூலபாடத் தொகுதிகளுக்கு ஏற்றது.

7. கோப்புப்பெயர்ச் சிக்கல்கள்

தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள் பொதியினுள் மூவகைச் சிக்கல்களை எதிர்கொள்கின்றன.

முதலாவது, பெயரின் குறியாக்கம். ஜிப் வடிவம் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் 437ஆம் எண் குறித்தொகுதியைக் கோப்புப்பெயர்களுக்கு அடிப்படையாகக் கொண்டது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. பெயர் யுடிஎஃப்-8இல் உள்ளது என்பதைத் தெரிவிக்கும் அடையாளப் பிட் 2006இல் வடிவ விளக்கத்தில் சேர்க்கப்பட்டது. கட்டும் நிரல் அப்பிட்டை இடத் தவறினால், விரிக்கும் நிரல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் கொண்டு, ஒரு தமிழ்க்குறியின் இடத்தில் தொடர்பற்ற மூன்று குறிகளைக் காட்டும்.

இரண்டாவது, ஒரே பெயரின் ஈருருக்கள். ஒகர உயிர்மெய்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறி விதி. ‘தொல்காப்பியம்’ என்னும் பெயர் முதல்வகையில் 13 குறிகளும் 39 பைட்டுகளும் உடையது. இரண்டாம் வகையில் 14 குறிகளும் 42 பைட்டுகளும் உடையது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கோப்பு முறைமைக்கு இரண்டும் வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய கோப்பு முறைமையாகிய எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்குக் கட்டிய பொதியை லினக்ஸில் விரித்தால், ஒரே கோப்புறையில் ‘தொல்காப்பியம்’ இருமுறை தோன்ற இடமுண்டு. கட்டும் முன்னரே எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவிற்கு மாற்றுவது இதற்குத் தீர்வு.

மூன்றாவது, பெயரின் நீளம். லினக்ஸில் பரவலாக வழங்கும் ஈஎக்ஸ்டி-4 கோப்பு முறைமையில் பெயரின் உச்ச அளவு 255 பைட்டுகள். அதாவது 85 தமிழ்க்குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் 255 தமிழ்க்குறிகள் வரை இடமுண்டு. நூற்பெயர், உரையாசிரியர் பெயர், பதிப்பாண்டு ஆகியவற்றைச் சேர்த்து நீளமாகப் பெயரிடும் வழக்கம் ஆய்வாளரிடையே உள்ளது. விண்டோஸில் பிழையின்றிக் கட்டப்பட்ட அத்தகைய பொதி லினக்ஸில் விரியும்போது சில கோப்புகள் விடுபட்டுப்போகலாம்.

8. நம்பகமும் காப்பும்

தன்விரிபொதியைப் பெறுபவர், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியுமுன்னரே அயலார் நிரல் ஒன்றைத் தம் கணினியில் இயக்க நேர்கிறது. வெறும் பொதிக்கும் தன்விரிபொதிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. மின்னஞ்சல் சேவைகள் பலவும் இயக்கக்கோப்புகளை இணைப்பாக ஏற்க மறுப்பதும் இதனாலேயே.

விரிப்புநிரல் எழுதுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய இடர்கள் மூன்று. கோப்புப்பெயரில் மேற்கோப்புறையைச் சுட்டும் இரட்டைப்புள்ளி இருப்பின், விரிந்த கோப்பு குறித்த இடத்திற்கு வெளியே சென்று பிற கோப்புகளை அழிக்கக்கூடும். அத்தகைய பெயர்களை மறுத்தல் வேண்டும். விண்டோஸில், நிரல் தன் கோப்புறையில் உள்ள துணைநூலகங்களை முதலில் தேடி ஏற்றும் இயல்புடையது. பதிவிறக்கக் கோப்புறையில் தீய துணைநூலகம் ஒன்று இருப்பின் அதுவும் ஏற்றப்படலாம். டிஃப்ளேட் முறையில் ஒரு பைட்டு ஏறத்தாழ 1,032 பைட்டுகள் வரை விரியக்கூடும். சிறிய பொதி ஒன்று வட்டு முழுவதையும் நிரப்பாதவாறு விரிவின் அளவுக்கு வரம்பு இடுதல் வேண்டும்.

ஜிப்பில் உள்ள சிஆர்சி-32 என்னும் சரிபார்ப்பு எண் தற்செயலான பழுதைக் கண்டறியவே உதவும். வேண்டுமென்றே மாற்றுபவர் அவ்வெண்ணையும் மாற்றிவிடலாம். எனவே பதிப்புத் தொகுதிகளுக்கு எஸ்எச்ஏ-256 போன்ற வலிய சுருக்கெண்ணைக் கணித்து, பொதிக்குப் புறத்தே, நூலிலோ நூலகப் பதிவிலோ வெளியிடுதல் ஏற்றது.

9. நெடுநாள் பாதுகாப்பு நோக்கில் மதிப்பீடு

தன்விரிபொதியின் மூன்று அடுக்குகள் வெவ்வேறு ஆயுள் உடையன. முதலில் அழிவது விரிப்புநிரல். 1990களில் 16-பிட் சூழலுக்கென ஆக்கப்பட்ட விரிப்புநிரல்கள் 64-பிட் விண்டோஸில் இயங்குவதில்லை. ஆப்பிள் கணினிகளிலும் செயலி வகைகள் மாறியதனால் பழைய தன்விரிபொதிகள் தாமாக விரியும் ஆற்றலை இழந்தன.

இரண்டாவதாகக் கருதத்தக்கது பொதிவடிவம். உள்ளே இருப்பது ஜிப் வடிவமாயின், விரிப்புநிரல் செயலிழந்த பின்னரும் இன்றைய ஜிப் நிரல்கள் அக்கோப்பைத் திறக்கின்றன. நான்காம் பகுதியில் விளக்கிய ‘பின்னிருந்து படிக்கும்’ அமைப்பே அதற்குத் துணைசெய்கிறது. விளக்கம் வெளியிடப்படாத தனியுரிமை வடிவமாயின், அதனைப் பிறர் ஆராய்ந்து புதிதாக நிரல் எழுதும்வரை உள்ளடக்கம் அடைபட்டே கிடக்கும்.

மூன்றாவது உரையின் குறியாக்கம். தன்விரிபொதி விரிக்கும் முறையைத் தன்னுள் கொண்டுள்ளது; படிக்கும் முறையைக் கொண்டிருப்பதில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் உரைகள் பல்வேறு எட்டு-பிட் குறியாக்கங்களில் எழுதப்பட்டன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியவை தரங்களாக முன்வைக்கப்பட்டன. டிஸ்கியும் இணைய வழக்கில் இருந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்ட குறியாக்கங்களும் வழங்கின. அத்தகைய உரை ஒன்று பொதியிலிருந்து ஒரு பைட்டும் பிசகாமல் வெளிவரலாம்; சரிபார்ப்பு எண்ணும் பொருந்தலாம். எனினும் எந்த எழுத்துருவுக்குரியது என்பது தெரியாவிடின், அது பொருளற்ற குறிகளின் கோவையாகவே நிற்கும். பொதி விரிந்தது என்பதனால் உரை மீண்டது எனக் கொள்ளலாகாது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது, தன்விரிபொதி வழங்கலுக்கு உரிய வடிவமே அன்றி வைப்பிற்கு உரிய வடிவம் அன்று என்பது பெறப்படுகிறது. ஆயினும் முறையாகக் கட்டப்பட்ட தன்விரிபொதி, வைப்புப் பொதியாகவும் பயன்படும் தகுதியை இழப்பதில்லை. விரிப்புநிரலை நீக்கினாலும் எஞ்சுவது முழுமையான பொதியாக இருத்தலே அத்தகுதி.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தன்விரிபொதி தன் ஆற்றலால் விரிவதன்று; இயங்குதளத்தாலும் செயலியாலும் விரிக்கப்படுவது. அவை மாறுந்தோறும் அதன் ஆற்றல் குன்றும்.

2. கட்டும் நிரல், உருவான கோப்பை இயக்கிப் பார்ப்பதோடு அமையாமல், இயக்காமலே பொதியாகத் திறந்து சரிபார்த்தல் வேண்டும். இச்சோதனையில் தேறாத கோப்பு ஒப்படைப்பிற்குத் தகாது.

3. தமிழ் உரைத்தொகுதிகளுக்கு, கோப்புகளைத் தனித்தனியே சுருக்கும் ஜிப் வடிவம் அளவில் சற்றுப் பெரிதாயினும், பழுதைத் தனிமைப்படுத்துவதாலும் விளக்கம் பொதுவில் உள்ளமையாலும் ஏற்றது.

4. கோப்புப்பெயர்கள் சேர்த்த வடிவில், யுடிஎஃப்-8 அடையாளத்துடன், 85 குறிகளுக்கு மிகாமல் அமைதல் வேண்டும். கோப்புவகையைச் சுட்டும் பின்னொட்டும் அவ்வளவுக்குள் அடங்குதல் வேண்டும்.

5. ஒவ்வொரு பொதியிலும், உரையின் குறியாக்கம், மூலப்பதிப்பு, கட்டிய நாள் ஆகியவற்றைக் கூறும் குறிப்புக்கோப்பு ஒன்று இடம்பெறுதல் வேண்டும். எழுத்துருக் குறியாக்கத்தில் உள்ள பழைய உரைகளாயின், ஒருங்குறிக்கு மாற்றிய படியையும் மூலப்படியையும் ஒருங்கே வைத்தல் வேண்டும்.

6. வழங்குவதற்குத் தன்விரிபொதியும் வைப்பதற்கு வெறும் பொதியும் என இருபடிகள் ஆக்கி, இரண்டின் சுருக்கெண்களையும் புறத்தே பதிவுசெய்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் துறைகளில் பழைய குறுவட்டுகளில் உள்ள தன்விரிபொதிகளை இம்முறையில் திறந்து, உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, குறியாக்கத்தை இனங்காணும் பணி இனி மேற்கொள்ளத்தக்கது. ஊடகமும் காலப்போக்கில் பழுதுறுவது ஆகையால், அப்பணி காலம் தாழ்த்தாமல் தொடங்கப்பெறுதல் நலம்.